மேற்கே தாழ்ந்த தண்ணீர்

கோயமுத்தூருக்கு வடக்கே, மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை குழந்தைகள் தூங்கி, சத்தம் நின்றால் விழித்துக்கொள்ளும் சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்தின் கடைசியில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லைன் வீடுகளில் ஓரத்து வீட்டில், அர்த்தநாரியின் உடலை எடுத்த மறுநாள் காலை, கோகிலாமணியின் குடத்தில் தண்ணீர் சாய்ந்து நின்றது. குடம் சாயவில்லை. தரையும் சாயவில்லை. தண்ணீர் மட்டும் மேற்கே தாழ்ந்து கிழக்கே உயர்ந்து, அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டிய இளநீரின் முகத்தைப்போல அசையாமல் நின்றது. கோகிலாமணி அதைப் பார்த்தாள். உயர்ந்த பக்கமாகச் செம்பை விட்டு மொண்டாள். மொண்ட செம்பிலும் தண்ணீர் அதே சாய்வில் நிற்பதைப் பார்த்தாள். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, சேலையைச் சொருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அர்த்தநாரி அவளுக்கு உறவு இல்லை. பெருமாள்சாமியின் பட்டறையில் மில்லிங் மெஷின் ஓட்டியவர் அவர்; அவர் வெட்டிய இரும்புத் துண்டுகளை, பட்டறைப் பேச்சில் ஜாப்புகளை, எதிர் மேஜையில் உட்கார்ந்து வாங்கி, ஓரங்களில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிரை அரத்தால் எடுத்தவள் இவள். அவருக்குப் பிள்ளையார் கோயில் வீதியில் வீடு இருந்தது, தனபாக்கியம் என்று மனைவி இருந்தாள். இவளுக்குக் கல்யாணப் பேச்சு என்று ஒன்று இருந்ததுதான். அது அப்பாவோடு நோயில் படுத்து அப்பாவோடு போய்விட்டது. அதன்பிறகு காலையில் ஒரு சங்கும் மாலையில் ஒரு சங்குமாக வருஷங்கள் போயின. அத்தனை வருஷத்திலும் அவரும் அவளும் பேசியது ஜாப்பைப் பற்றித்தான். அதுவும் அளவு கூடினால், குறைந்தால்.

ஆனால் அவர் ஜாப்பை நீட்டும் முறை ஒன்று இருந்தது. கட்டர் கடைசியாக விட்டு வெளியேறும் ஓரத்தில்தான் பிசிர் அதிகம் இருக்கும், பிளேடு மாதிரி அறுக்கும். அந்த ஓரத்தைத் தன் உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மழுங்கின பக்கத்தை அவளுக்கு நீட்டுவார். ஒரு ஜாப்பில்கூட மாறியதில்லை. அவர் உள்ளங்கையில் எப்போதும் மெல்லிய கீறல்கள் இருந்தன, கோகிலாமணியின் கையில் இல்லை. அவள் தன்னுடையது என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டது உலகத்தில் அந்த ஒன்றுதான்.

அவர் சாய்வு ஜாப்புகளுக்கென்றே இருந்த ஆள். மில்லிங் மெஷினில் கட்டர் நேராகத்தான் சுற்றும், மேஜை நேராகத்தான் நகரும். சாய்வு வேண்டுமென்றால் ஜாப்பைத்தான் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதற்கு வழிகள் உண்டு. ஏற்கெனவே சரிவாகச் செய்த இரும்புத் தாங்கியின்மேல் வைத்துக் கட்டுவார்கள். உருளையாக இருந்தால் பள்ளம் வெட்டிய கட்டையில் உட்கார வைப்பார்கள். அர்த்தநாரி எல்லாவற்றையும்விட, கீல் வைத்துத் தலை தூக்கும் சாய்வு வைஸ் என்ற பிடிகருவியையே நம்பினார். அதன் தாடைகளுக்கு நடுவில் ஜாப்பைக் கட்டி, வைஸை மெல்லத் தூக்கி, கோணம் பார்த்து, பூட்டு நட்டை இறுக்கிவிட்டால், உலகமெல்லாம் சரிவு என்று சொல்லும் முகம் கட்டருக்குக் கீழே தண்ணீர்போல மட்டமாக வந்து படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்துக்கொள்ளும் நொடியில் அவர் மூக்கால் லேசாக மூச்சு விடுவார். எதிர் மேஜையில் அது கேட்கும்.

சரஸ்வதி பூஜைக்கு முன்தினம் அந்தச் சந்துப் பட்டறைகளில் ஒரு முறை உண்டு. எந்த வைஸிலும் ஜாப் இருக்கக் கூடாது. கருவிகள் ஓய்வெடுக்கும் நாளில் அவற்றின் வாயில் எதுவும் இருக்கலாகாது என்று, தாடைகளைத் திறந்து துடைத்து எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் படைப்பார்கள். அந்த வருஷம் அர்த்தநாரியின் மெஷினில் மட்டும் பாதி வெட்டிய ஜாப் ஒன்று சாய்ந்தபடியே இருந்தது. கடைசி வெட்டு ஒன்றுதான் பாக்கி, கழற்றினால் இந்தச் செட்டிங் திரும்ப வராது, சாமி கோவிச்சுக்காது என்று அவர் முதலாளியிடம் தணிந்த குரலில் சொல்லி, எண்ணெய்த் துணியைப் போர்த்திவிட்டுப் போனார். பெருமாள்சாமியும் முணுமுணுத்துக்கொண்டே துணியின்மேல் சந்தனத்தை வைத்தார். பூஜை விடுமுறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்த அர்த்தநாரி எழுந்திருக்கவில்லை.

எடுக்கும் நாளில் கோகிலாமணி பட்டறைப் பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவளுக்குக் கண்ணில் எதுவும் வரவில்லை. எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கொஞ்சம் கோணலாக இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து குளித்தாள், சோறு ஆக்கினாள், சாப்பிட்டாள், தூங்கினாள். மறுநாள் தண்ணீர் சாய்ந்தது.

முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு சுலோச்சனா. உறைமோர் வாங்க வந்தவள், மோர்ச்சட்டியில் மோர் ஒருபக்கமாக ஏறி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங் கோகிலா, உன்ற வீட்டு மோருக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள். கோகிலாமணி, தண்ணியும் அப்படித்தான் நிற்குது, நேற்றிலிருந்து, என்று சொல்லி உறைமோரை ஊற்றிக் கொடுத்தாள். வாசல் தாண்டியதும் கிண்ணத்தில் மோர் நேரானது. சுலோச்சனா திரும்ப உள்ளே வந்தாள், மோர் சாய்ந்தது. வெளியே போனாள், நேரானது. அப்படி நாலைந்து தடவை போய்வந்தபின், சரி, எப்படியிருந்தாலும் தயிர் உறையத்தானே போகிறது என்று தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்தச் சந்து அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது இப்படித்தான், ஒவ்வொரு வேலையாக. டீக்கடைக்காரர், கோகிலாமணியின் கையில் கிளாஸைக் கொடுத்ததும் டீ ஒருபக்கம் வழிந்து அவள் விரலைச் சுடுவதைக் கண்டு, அன்று முதல் அவளுக்கு மட்டும் அரை கிளாஸாக இரண்டு முறை ஊற்றிக் கொடுத்தார். மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு, ஆத்தாளுக்கு நேர்த்தண்ணீர் சாய்ந்த தண்ணீர் என்று உண்டா என்ன, தீர்த்தக்குடம் எடுக்கிறபோது எடுக்கட்டும் என்றார். மழை பெய்த அன்று அவள் வாசல் குட்டையில் தண்ணீர் ஒரு பக்கம் தரையை விட்டு எழும்பி நின்றது. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டு, கப்பல் சாய்ந்துகொண்டே மூழ்காமல் நிற்பதைப் பார்த்துச் சலித்து, பிறகு பம்பரம் விடப் போய்விட்டார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓய்வு நாளில் ரசமட்டங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் வீட்டுத் தரையில் வைத்தால் குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் தலையை ஆட்டினார்கள், காபி குடித்தார்கள், கிளாஸைச் சாய்த்துப் பிடித்துக் குடிக்கப் பழகினார்கள்.

குடத்தை நிரப்ப முடியாமல் போனதுதான் பெரிய கஷ்டம். லாரித் தண்ணீர் வரும் நாளில் மேற்கு விளிம்பில் தண்ணீர் கீழே கிடக்கும்போதே கிழக்கு விளிம்பில் வழிந்தது. பட்டறை ஃபோர்மேன் லாரன்ஸ் இதைக் கேட்டு, இதற்கென்ன, ஜாப்பைச் சாய்க்கிற மாதிரி குடத்தைச் சாய்த்துவிட்டால் போகிறது என்றான். பட்டறையிலிருந்து சைன் பாரை எடுத்து வந்தான். இரண்டு உருளைகள்மேல் நிற்கும் சட்டம் அது, ஒரு உருளைக்குக் கீழே கண்ணாடிபோல மின்னும் எஃகுக் கட்டைகளை அடுக்கினால் அடுக்கிய உயரத்துக்குத் தகுந்த கோணத்தில் நிற்கும். அதன்மேல் ஒரு தட்டில் தண்ணீரை வைத்து, தட்டின் விளிம்பும் தண்ணீரும் ஒன்றாகும்வரை கட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கோணத்தைப் பிடித்தான். அந்தக் கோணத்துக்கு, குடம் வைக்கும் மூலைக்குப் பொருந்தும்படி, இரும்புத் தகட்டில் ஒரு சாய்வு மேடையும் செய்து கொண்டுவந்து வைத்தான். குடத்தை ஏற்றினார்கள். தண்ணீர் முன்னைவிட இரண்டு மடங்கு வழிந்து லாரன்ஸின் செருப்பை நனைத்தது.

"கை மாறிப்போச்சு," என்றான் லாரன்ஸ்.

வலக்கைச் சாய்வை இடக்கைச் சாய்வாகச் செய்துவிடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்புதான். உள்ளே நின்று அளந்ததை வெளியே நின்று வெட்டிவிடுவார்கள். ஆனால் நனைந்த செருப்போடு, தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று கையை நீட்டிப் பார்த்த லாரன்ஸ், தன் கை மேற்கே, பட்டறையின் தகரக் கூரையைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டான். அங்கே எண்ணெய்த் துணிக்குக் கீழே மேற்கே தாழ்ந்து நிற்கும் ஜாப் அவனுக்கு ஞாபகம் வந்தது. கோணமும் அதுதான். அன்று காலை அந்த ஜாப்பின் டிராயிங்கில் பார்த்த எண்.

அவன் கையை இறக்கிக்கொண்டான். ஆனாலும் சாயங்காலத்துக்குள் சந்து முழுவதும் அறிந்திருந்தது. அறிந்த யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இறந்தவரின் சாய்வு போயிருக்க வேண்டிய வீடு பிள்ளையார் கோயில் வீதியில் இருந்தது. அது வழி மாறியா வரும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. சுலோச்சனா கேலி பேசுவதை நிறுத்தினாள். டீக்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினார். லாரன்ஸ் மேடையைச் சரியான கைக்கு மாற்றிச் செய்து, ஓரத்துப் பிசிரைக்கூட எடுக்காமல் அவசரமாக வாசலில் வைத்துவிட்டுப் போனான். ஊர் ஜாப்புக்கெல்லாம் பிசிர் எடுக்கிறவள் தன் வீட்டு மேடைக்கு எடுக்கவில்லை. குடத்தை ஏற்றினாள், விளிம்புவரை நிரம்பியது, அதுபோதும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு விரல்களில் உணர்ச்சி போயிருந்தது. இப்போது வேறொரு மெஷினில் வெட்டிய ஜாப்புகளை லாரன்ஸ் கைக்கு வந்தபடி நீட்டினான். அரத்தில் சிவப்பாக எதையோ பார்த்து, அது தன் ரத்தம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ராவினாள். துக்கமா என்றால் அதுவும் தெரியவில்லை. காலையில் குடத்தின் மூடியைத் திறந்து, சாய்வு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருக்கும். அவர் இருந்தார் என்பதற்கு அவள் பங்குக்கு வேறு எதுவும் இல்லை, படம் இல்லை, பெயரைச் சொல்லும் உரிமை இல்லை, நெற்றியை அழித்துக்கொள்ளும் முறையும் இல்லை. மூடியை மூடிவிட்டு வேலைக்குப் போவாள்.

தீபாவளி நெருங்கியது. மெஷின் நின்றுகொண்டே இருந்தது. கட்டியவர்தான் கழற்ற வேண்டும், அவர் இல்லையென்றால் அவர் வீட்டு ஆள் வந்து கழற்ற வேண்டும் என்பது பட்டறை முறை. பெருமாள்சாமி தனபாக்கியத்துக்கு ஆள் அனுப்பினார். காரியமெல்லாம் முடியட்டும், வருகிறேன் என்று அவள் சொல்லியனுப்பினாள். கழற்றிவிட்டால் தன் வீட்டுத் தண்ணீர் என்னவாகும் என்று கோகிலாமணி யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூட இல்லை. அரம் ஓடும்போது அந்த எண்ணம் கூடவே முன்னும் பின்னும் ஓடியது.

தனபாக்கியம் பட்டறைக்குப் போகுமுன் லைன் வீட்டுக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயிலில், வெறும் நெற்றியோடு வாசலில் நின்றாள். பக்கத்து வாசல்களில் அரிசி புடைத்த சத்தமெல்லாம் நின்றது. உள்ளே வந்து உட்கார்ந்தவள் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு அம்மிணி," என்றாள்.

கோகிலாமணி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தனபாக்கியம் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். டம்ளரைத் திருப்பினாள். டம்ளர் திரும்பியது, சாய்வு திரும்பவில்லை.

"என்ற வீட்டுல எல்லாப் பாத்திரத்தையும் தெறந்து பார்த்துட்டேன்," என்றாள். "தெனமும் பார்க்கறேன். எண்ணெய்க் கிண்ணம் வரைக்கும். எல்லாம் நேராத்தான் நிக்குது."

கோகிலாமணி குடத்தை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட என்ன பேசுவாரு?"

"ஜாப்பைப் பத்தித்தாங்க்கா."

"வேற?"

கோகிலாமணி எழுந்து, அலமாரியில் இருந்த அரத்தை எடுத்து, கூர்முனையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துப் பிடியை அவள் பக்கம் நீட்டினாள். "இப்படித்தான் குடுப்பாருங்க. பிசிரு அவரு பக்கம் இருக்கும். அவ்வளவுதாங்க்கா."

தனபாக்கியம் அரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ இறுக்கம் கழன்றது.

"அருவாமனை, கத்தி, சூடான வடைச்சட்டி, எது குடுத்தாலும் அப்படித்தான்," என்றாள். "கல்யாணம் ஆன மறுநா காய் அரியக் கத்தி கேட்டேன். அலகைத் தான் புடிச்சுட்டுப் பிடியை எனக்கு நீட்டுனாரு. நாங்கூட எனக்குன்னு செய்யறாருன்னு நெனச்சேன். அப்பறம் பார்த்தா, வாசல்ல சாணை புடிக்க வாறவனுக்கும் அப்படித்தான் நீட்டறாரு."

சொல்லிவிட்டுச் சாய்ந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். கோகிலாமணி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சாணை பிடிக்கிறவனுக்கும் கொடுத்தது தனக்கும் கிடைத்திருந்தது. அது குறைந்துபோனதா, அதே அளவில்தான் இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அளக்கிற இடம் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே பட்டறைக்குப் போனார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எங்கோ சில வீடுகளில் குழந்தைகள் விழித்து அழுதன. பெருமாள்சாமி கற்பூரம் காட்டினார். எண்ணெய்த் துணியை எடுத்தபோது, சந்தனம் காய்ந்து ஜாப்பின்மேல் உதிர்ந்தது. தனபாக்கியம் வைஸின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"கடைசி வெட்டு பாக்கிங்க," என்றாள் கோகிலாமணி. பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "இப்பக் கழட்டுனா வீணாப் போயிரும். திரும்பக் கட்டுனா இதே சாய்வு வராது."

பெருமாள்சாமி லாரன்ஸைப் பார்த்தார். லாரன்ஸ் தனபாக்கியத்தைப் பார்த்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். லாரன்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைப் போட்டான். சூடு தணிக்கும் பால்போன்ற கூலன்ட் தண்ணீர் ஓடியது, கட்டர் மெல்ல நகர்ந்து அந்த முகத்தின்மேல் ஒரு முறை போய்வந்தது. சரிவு பளபளவென்று வெளுத்து மட்டமாகக் கிடந்தது. அந்த நொடியில் மூக்கால் விடும் லேசான மூச்சு ஒன்றுக்காக இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். கேட்கவில்லை.

தனபாக்கியம் கைப்பிடியைத் திருகினாள். அது இன்னும் இறுகியது. "இடப்பக்கமுங்க்கா," என்று கோகிலாமணி தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்த, தாடைகள் விட்டுக்கொடுத்தன. ஈரம் சொட்டும் ஜாப்பை எடுத்த தனபாக்கியம், எதையும் யோசிக்காமல், வீட்டுப் பழக்கத்தில், கூரான ஓரத்தைத் தன் பக்கம் திருப்பி அவளிடம் நீட்டினாள்.

கோகிலாமணி அதைத் தன் மேஜைக்குக் கொண்டுபோய்ப் பிசிர் எடுத்தாள். நாலு ஓரமும், மூலைகளும், எதற்கும் அவசரப்படாமல். பெருமாள்சாமி சுவரைப் பார்த்து, இந்த ஒரு ஜாப் பார்சலில் போக வேண்டாம், வேறு வெட்டிக்கொள்ளலாம் என்றார். யார் எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. லாரன்ஸ் மெஷினைத் துடைக்கத் தொடங்கினான். அவள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் பார்க்காமல் இருப்பதற்காகப் பட்டறை முழுவதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. தனபாக்கியமும் கதவுப் பக்கம் திரும்பி நின்றாள்.

கோகிலாமணி ஜாப்பைத் துணியால் துடைத்தாள். எண்ணெய் தடவினாள். எழுந்து போய், வழக்கமாக வேலை முடிந்த ஜாப்பைக் கொடுப்பதுபோலவே, தனபாக்கியத்திடம் கொடுத்தாள்.

"எந்தப் பக்கம் புடிச்சாலும் இனி அறுக்காதுங்க்கா," என்றாள்.

நாலு மணி டீ வந்தது. டீக்கடைக்காரர் பழக்கத்தில் அரை கிளாஸ்தான் ஊற்றினார். அவள் கையில் டீ நேராக நின்றது. இருவரும் பார்த்தார்கள். அவர் மீதி கிளாஸை நிரப்பிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தபோது, சாய்வு மேடைமேல் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் மேற்குப் பக்கமாக வழிந்து அடுப்படிவரை ஓடியிருந்தது. குடத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். துடைத்தாள். மேடையைச் சுவரோரம் நிறுத்தினாள். அடுத்த நாளும் மூடியைத் திறந்து பார்த்தாள், நேராக இருந்தது. அதற்கடுத்த நாளும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், அண்டாவிலும் தண்ணீர் நேராகவே இருந்தது.

அன்று மதியம் பலகாரத் தட்டோடு வந்த சுலோச்சனா, பிள்ளையார் கோயில் வீதியில் ஒரு வீட்டில் குடத்தை நிரப்பவே முடியவில்லையாம், தரையெல்லாம் ஈரமாம், விளக்கில் எண்ணெய்கூட ஒருச்சாய்ந்து நிற்கிறதாம் என்று, பட்சணத்துக்கு உப்புப் பார்ப்பதுபோலச் சொன்னாள். கோகிலாமணி கேட்டுக்கொண்டாள். அவள் போனதும் மேடையைத் தூக்கினாள். கனமாக இருந்தது. பிசிர் எடுக்காத மூலை எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்து, அதைத் தன் உள்ளங்கைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பட்டாசுக் குப்பை நிறைந்த சந்து வழியாக நடந்தாள். வாசல்களில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

தனபாக்கியம் கதவைத் திறந்தாள். சேலையின் கீழ்விளிம்பு நனைந்திருந்தது. கோகிலாமணி உள்ளே போய், ஈரத்தில் மேடையை வைத்து, மேற்கே தாழ்வாகத் திருப்பி, குடத்தை ஏற்றினாள்.

"மாத்தி வச்சறாதீங்க்கா, வழியும்," என்றாள்.

தனபாக்கியம் செம்பு செம்பாக ஊற்றினாள். தண்ணீர் ஏறியது, சுற்றிலும் ஒரே சமயத்தில் விளிம்பைத் தொட்டு, சொட்டுகூடச் சிந்தாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு இருவரும் குந்தியிருந்தார்கள். பிறகு தனபாக்கியம் அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையின் குறுக்கே நீளமாக அறுத்திருந்தது. ரத்தம் மணிக்கட்டுவரை வந்திருந்தது.

"வலிக்குதா அம்மிணி?"

கோகிலாமணி தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல முதலில் பார்த்தாள்.

"ஆமாங்க்கா," என்றாள். "வலிக்குது."